தோட்டத்துக்குள் வரும் அழைப்புக் கார்கள்: பயணியின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

லிந்தாங் சாலைக்காரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். பட்டணத்துக்குள் செயலியில் கார் அழைத்தால் சிறிது நேரத்தில் வந்துவிடுகிறது. லிந்தாங் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் தோட்டங்களுக்கு அழைத்தால், ஓட்டுநர்கள் முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, வரைபடத்தைப் பார்த்தபின் ரத்து செய்துவிடுகிறார்கள். திரும்பும்போது வெறும் காராக வரவேண்டியிருப்பதால் அவர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை. இளையவர்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் வேலை தேடிப் போய்விட்டார்கள்; லயன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) மிஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களில் பலர் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் அல்லது ஈப்போ பெரிய மருத்துவமனையில் கண்ணுக்கோ காலுக்கோ தேதி வாங்கிக் காத்திருப்பவர்கள்.

இதற்காகக் கோவில் நிர்வாகக் குழுவைச் சேர்ந்த நாங்கள் சிலர் ஓர் ஏற்பாட்டைச் செய்தோம். சொந்தக் கார் வைத்திருக்கும் பத்துப் பதினைந்து பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். பயணியோ, வெளியூரில் இருக்கும் அவருடைய பிள்ளையோ, ஒருங்கிணைப்பாளராக இருக்கும் அக்காவுக்குத் தகவல் அனுப்புவார். அக்கா அதைக் குழுவில் போடுவார். முதலில் பதில் சொல்பவர் காரை எடுத்துக்கொண்டு போவார். எண்ணெய்க் காசையும் அதற்கு மேல் கொஞ்சத்தையும் பயணி கொடுத்துவிடுவார்.

கடந்த மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு, டயாலிசிஸ் முடிந்து திரும்பிய ஒரு பாட்டியை ஏற்றிவந்த கார், தோட்டத்துச் செம்மண் சாலையின் வளைவில் வழுக்கிக் காவாயில் இறங்கிவிட்டது. காயம் எதுவும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் தொலைபேசிக்கு அலைவரிசை கிடையாது என்பதால், ஓட்டுநர் மழையிலேயே நடந்துபோய்த் தோட்டத்து டிராக்டரை அழைத்துவரும் வரை, பாட்டி இருட்டில் சாய்ந்து நின்ற காருக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு இந்தச் செய்தி மறுநாள் காலையில்தான் தெரிந்தது. அதுவும் பாட்டியின் மகன் கிள்ளானிலிருந்து கோபத்தோடு அழைத்த பிறகு.

பெரிய நிறுவனங்களைப்போல மென்பொருளும் கேமராவும் வாங்க எங்களிடம் பணம் இல்லை. இருப்பதை வைத்துக்கொண்டு முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதை, இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


கமுனிங் ஓட்டுநர்:

வணக்கம் அண்ணே. நான் பிஎஸ்வி உரிமம் (பயணிகளை வாடகைக்கு ஏற்றும் ஓட்டுநருக்கான உரிமம்) எடுத்து, இ-ஹெய்லிங் (செயலிவழி அழைப்புக் கார்) ஓட்டிக்கொண்டிருப்பவன். நீங்கள் ‘அதற்கு மேல் கொஞ்சத்தையும்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதல் சிக்கலே அந்த இடத்தில்தான் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு பயணியை ஏற்றினால் சட்டத்தின் கண்ணில் அது வாடகைச் சேவை. 2017-இல் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டு, 2018 ஜூலையில் இ-ஹெய்லிங் முறைப்படுத்தப்பட்டது. ஓட்டுநர்களுக்குக் கொடுத்த ஓராண்டு அவகாசம் 2019 ஜூலை 12-இல் முடிந்தது. அதன்பின் செயலியை நடத்தும் நிறுவனத்துக்கு அபாட் (தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம்) வழங்கும் இடைத்தரகு உரிமமும், ஓட்டுநருக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) வழங்கும் பிஎஸ்வி உரிமமும், காருக்கு இ-ஹெய்லிங் பெர்மிட்டும் வேண்டும். பிஎஸ்விக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை, போலீஸ் குற்றப் பதிவுச் சோதனை, பயிற்சி வகுப்பு எல்லாம் உண்டு. காருக்கு மூன்று வயது தாண்டிவிட்டால் ஆண்டுதோறும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இவை எதுவும் இல்லாமல், குழு கோவிலுடையது என்பதற்காக மட்டும் அது கெரெத்தா சாப்பு (உரிமமில்லாத வாடகைக் கார்) ஆகாமல் போய்விடாது.

அபராதத்தைவிட நான் அஞ்சுவது காப்புறுதியைத்தான். நம்முடைய தனியார் காப்புறுதிப் பத்திரத்தில், வாடகைக்கு ஓட்டும்போது நேரும் விபத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கும்; அதற்காகத்தான் எங்களைப் போன்றவர்கள் இ-ஹெய்லிங் கூடுதல் காப்புறுதி எடுக்கிறோம். அன்றைக்குப் பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தால், கோவில் காசு கொடுத்ததா, ஓட்டுநர் காசு வாங்கினாரா என்பதுதான் காப்புறுதி நிறுவனத்தின் முதல் கேள்வியாக இருந்திருக்கும். ஓட்டுநருக்கும் 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வழங்கும் பாதுகாப்பு இருக்கிறது. அதில் பதிந்துகொள்ளாமல் ஓட்டுவது வீண் துணிச்சல்.

ஆகவே, உங்கள் குழுவில் பிஎஸ்வி எடுக்கத் தயாராக இருப்பவர்களை உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தின்கீழ்ப் பதிவுசெய்ய வையுங்கள். மற்றவர்கள் பணம் எதுவும் வாங்காமல் தொண்டாக மட்டும் உதவட்டும். அப்போதும் தங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளட்டும். அபாட் அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பேசினால், உங்கள் தேவைக்கு எந்த வகை உரிமம் பொருந்தும் என்று கேட்டு வரலாம்.


பழைய டிப்போ:

கமுனிங் தம்பி சொன்னது சரி. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உரிமமும் காப்புறுதியும் ஒரு முறை செய்து முடிக்கும் வேலைகள். பாதுகாப்பு என்பது ஒவ்வொரு பயணத்துக்கும் திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய வேலை. ஒரு பஸ் நிறுவனத்தின் டிப்போவில் வண்டிகளை அனுப்பும் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் ஏற்பாட்டின் பலவீனம் காரிலும் இல்லை, செம்மண் சாலையிலும் இல்லை, ‘முதலில் பதில் சொல்பவர் போவார்’ என்ற விதியில் இருக்கிறது.

முதலில் பதில் சொல்பவர் யார்? கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு விழித்திருப்பவர். அவர் இரவு வேலை முடிந்து வந்து இன்னும் தூங்காதவராக இருக்கலாம். தோட்டத்துப் பாதையை இருட்டில் ஒரு தடவைகூட ஓட்டாதவராக இருக்கலாம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் 2020 அக்டோபரில் சட்டம் கடுமையாக்கப்பட்ட பிறகு, 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 50 மில்லிகிராம் என்று வைத்திருக்கும் வரம்பும் அதே அளவுதான். குடித்தவரை நாம் அனுப்ப மாட்டோம். தூங்காதவரை மட்டும் ‘பாவம், உதவிக்கு வந்தார்’ என்று அனுப்பிவிடுகிறோம். காலை முதல் நேரப் பிரிவு டயாலிசிஸுக்குப் போகிறவரை விடிவதற்கு முன்பே ஏற்றவேண்டியிருக்கும். இரவு இரண்டு மணியிலிருந்து காலை ஆறு மணிவரை உடல் தானாகவே தூக்கத்தை நாடும் நேரம் என்பதால், அந்தப் பயணத்துக்கு யார் போவது என்பதை முதல்நாள் மாலையிலேயே முடிவுசெய்து, அவரை நேரத்தோடு படுக்கச் சொல்லவேண்டும்.

அதனால் நான் முதலில் மாற்றச் சொல்வது அக்காவின் பொறுப்பை. இப்போது அவர் தகவலைக் கடத்துபவராக இருக்கிறார். இனி பயணத்தை ஒதுக்குபவராக இருக்கவேண்டும். குழுவில் பொதுவாகப் போடாமல், யார் கடைசியாக எப்போது வேலை முடித்தார், எப்போது தூங்கினார், எந்தப் பாதை அவருக்குப் பழக்கம் என்று கேட்டு, ஒருவருக்குத் தனியாகக் கொடுக்கவேண்டும். ஓட்டுநருக்கும் அக்காவுக்கும் ‘இன்றைக்கு முடியாது’ என்று சொல்லும் உரிமை எழுத்தில் இருக்கவேண்டும். அப்படிச் சொன்னவரிடம் காரணம் கேட்டுக் குடையக்கூடாது. டிப்போவில் நான் பார்த்தவரை, மறுக்க முடியாத ஓட்டுநர்தான் ஆபத்தான ஓட்டுநர். கோவில் தலைவரே அழைத்துச் சொன்னாலும், அடைமழையில் அந்த வளைவுக்குள் கார் போகாது என்றால் போகாதுதான்.

இரண்டாவது, கார் எங்கே இருக்கிறது என்பதை அறிவது. இதற்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள ஒரு நோட்டுப் புத்தகம் போதும். புறப்பட்ட நேரம், சேரவேண்டிய நேரம், சேர்ந்த நேரம், ஓட்டுநர் தம் வீட்டுக்குத் திரும்பிய நேரம் என்று நான்கு கட்டங்கள். பெரிய செயலிகளில் அவசரப் பொத்தான் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் செம்பனைக் காட்டுக்குள் அலைவரிசை இல்லாத இடத்தில் அந்தப் பொத்தான் வெறும் படம்தான். அங்கே வேலை செய்வது, வரவேண்டிய செய்தி வரவில்லை என்பதைக் கவனிக்கிற ஓர் ஆள். அலைவரிசை கிடைக்கும் கடைசி இடத்தில் காரை நிறுத்தி ‘உள்ளே போகிறேன்’ என்று ஓட்டுநர் ஒரு செய்தி போடவேண்டும். பயணியை இறக்கிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பியதும் ‘வெளியே வந்துவிட்டேன்’ என்று இன்னொன்று. சொன்ன நேரத்துக்கு மேல் இருபது நிமிடம் ஆகியும் இரண்டாவது செய்தி வராவிட்டால், தோட்டத்திலேயே குடியிருக்கும் ஒருவரை அக்கா அழைத்து, மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவரச் சொல்லவேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை ஒவ்வொரு தோட்டத்துக்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் விஷயத்தில் இது இருந்திருந்தால், அவர் அந்த இருட்டில் அவ்வளவு நேரம் தனியாக இருந்திருக்க மாட்டார்.

மூன்றாவது, ஏற்றும் இடம். செயலி வரைபடத்தில் தோட்டத்தின் பெயரைப் போட்டால் இடத்தைக் காட்டும் ஊசி பெரும்பாலும் அலுவலக வாசலிலோ பெரிய கேட்டிலோதான் போய்க் குத்தும்; பயணி இருப்பதோ அங்கிருந்து வெகுதூரத்தில் இருக்கும் வேறொரு டிவிஷன் (தோட்டப் பிரிவு) லயத்தில். ‘நான் வந்துவிட்டேன், நீங்கள் எங்கே’ என்று இருவரும் தேடிக்கொண்டிருப்பார்கள். வயதானவர் கைத்தடியோடு இருட்டில் நடக்கத் தொடங்கிவிடுவார். பெரட்டுக் களம் (தொழிலாளர்கள் காலையில் கூடும் இடம்), மாரியம்மன் கோவில் வாசல், பழைய ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) என்று ஒவ்வொரு டிவிஷனிலும் விளக்கு வெளிச்சம் உள்ள ஓர் இடத்தைக் குறித்து வையுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டு வாசல்தான். அதில் பேரம் கிடையாது. இரவில் கேட்டைப் பூட்டும் தோட்டங்களில் ஜாகாவிடம் (காவலாளியிடம்) கார் எண்ணையும் வரும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அவரும் உங்களுக்காகக் கவனிக்கும் இன்னொரு கண் ஆகிவிடுவார்.

கார் விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அது தவறு. மழைச் சாலைக்கு அதைவிட அதிகமாக இருப்பது நல்லது. ஆனால் ஒன்றை மட்டும் இன்றைக்கே போய்ப் பாருங்கள். பின்னிருக்கை வார் அணிவது 2009 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் கட்டாயம். இருந்தும் நம் ஆட்கள் அழகுக்காகப் போடும் சீட் உறைக்கு அடியில் அந்தக் கொக்கி புதைந்து கிடக்கும். தோண்டி எடுத்தால்தான் வெளியே வரும். பாட்டியால் அதைத் தேடி எடுக்க முடியுமா? ஓட்டுநர் இறங்கிப்போய் மாட்டிவிட்டுத்தான் காரை எடுக்கவேண்டும்.

இன்னொரு விஷயம், அக்கா ஒதுக்கியவர்தான் ஓட்டவேண்டும். ‘எனக்கு வேலை வந்துவிட்டது, தம்பியை அனுப்பிவிட்டேன்’ என்பதற்கு இடமே இல்லை. லண்டனில் 2019 நவம்பரில் ஊபர் நிறுவனத்துக்கு உரிமத்தைப் புதுப்பிக்க அந்நகரப் போக்குவரத்து ஆணையம் மறுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், ஒருவரின் கணக்கில் வேறொருவர் தம் படத்தைப் போட்டுக்கொண்டு ஓட்டியதுதான். குறைந்தது 14,000 பயணங்கள் அப்படிக் காப்புறுதியே இல்லாமல் நடந்திருந்தன. பிறகு நீதிமன்றத்தில் அந்நிறுவனம் உரிமத்தைத் திரும்பப் பெற்றது என்றாலும், காரில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பது நிறுவனத்துக்கே தெரியவில்லை என்ற உண்மை மாறவில்லை. அவ்வளவு தூரம் போகவேண்டாம். 2025 ஜூன் 9-இல் கெரிக் அருகே 15 பல்கலைக்கழக மாணவர்களைப் பலிகொண்ட பேருந்து விபத்துக்குப் பிறகும், உரிமம் ஒருவர் பெயரிலும் வண்டியை ஓடவிடுபவர் வேறொருவராகவும் இருந்த செய்தி வெளிவந்தது. பெயர் ஓரிடத்திலும் வேலை வேறிடத்திலும் இருந்தால், தவறு நடக்கும்போது பொறுப்பை யார் தலையிலும் வைக்க முடியாது.


தாதி அக்கா:

நான் ஒரு டயாலிசிஸ் மையத்தில் தாதியாகப் பணிபுரிகிறேன். மேலே ஐயா எழுதியவை காரை அனுப்புபவருக்கானவை. ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டிய சிலவற்றை நான் சேர்க்கிறேன். டயாலிசிஸ் நோயாளி மற்றப் பயணிகளைப் போன்றவர் அல்லர்.

நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இருந்து எழுந்தவருக்கு இரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். எங்கள் படுக்கையிலிருந்து எழும்போது நன்றாகத்தான் பேசுவார். கார் நின்று, குனிந்து இறங்கி நிமிரும் அந்த நொடியில் கண் இருட்டிக்கொண்டு வரும். ஆகையால் வீட்டு வாசலில் கார் நின்றதும் அவரை உடனே இறக்காதீர்கள். கதவைத் திறந்து, கால்கள் இரண்டையும் வெளியே தொங்கவிட்டபடி ஓரிரு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். தலைசுற்றல் இல்லை என்று அவர் வாயால் சொன்ன பிறகு எழுப்புங்கள். எழுப்பும்போது ஊசி குத்தப்பட்ட கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அந்தக் கையில்தான் அறுவை செய்து இணைத்த ஃபிஸ்துலா இரத்தக்குழாய் இருக்கிறது. அதன்மேல் பையை மாட்டுவதும், இருக்கை வார் அழுத்தமாகப் பதிவதும்கூட நல்லதல்ல. எந்தக் கை என்று கேட்டு, அதற்கேற்ப எந்தப் பக்கத்தில் உட்காரவைப்பது என்று முடிவுசெய்யுங்கள்.

அரிதாக, போகிற வழியில் ஊசி குத்திய இடத்திலிருந்து இரத்தம் கசியத் தொடங்கும். ஃபிஸ்துலாவில் இரத்தம் வேகமாக ஓடுவதால் அது சாதாரண வெட்டுக்காயத்தைப்போல் இராது. காரை ஓரமாக நிறுத்தி, கையை உயர்த்திப் பிடித்து, சுத்தமான துணியை மடித்துக் கசியும் இடத்தின்மேல் மட்டும் விரலால் விடாமல் அழுத்தவேண்டும். நின்றதா என்று அடிக்கடி திறந்து பார்க்கக்கூடாது. நிற்காவிட்டால் 999-ஐ அழைக்கவேண்டும். ஓட்டுநர் ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் ஓட்டிவிடலாம் என்று நினைப்பது இரண்டு பேரின் உயிருக்கும் ஆபத்து. அழைக்கும் இடத்தில் அலைவரிசை இருக்கவேண்டும் என்பதால், மையத்திலிருந்து புறப்படும்போதே கட்டு நனைந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, தோட்டத்துப் பாதையில் திரும்புவதற்கு முன் இன்னொரு முறை பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

அக்காவின் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பயணிக்கும் எந்தக் கை, சர்க்கரை நோய் உண்டா, வீட்டில் யார் இருக்கிறார்கள், பிள்ளையின் தொலைபேசி எண் என்ன என்பவற்றை, அவர்களுடைய சம்மதத்தோடு எழுதி வையுங்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நோயாளியின் விவரம் அன்றைக்கு ஏற்றப்போகும் ஓட்டுநருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.


ஜாலோங் மோட்டார்:

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உதவி செய்ய வருகிறவரிடம் எப்போது தூங்கினாய், டயரைக் காட்டு, எழுதிக் கொடு என்று கேட்டால் அடுத்த வாரம் குழுவில் யாரும் இருக்கமாட்டார்கள். ஓட்டுநர் இல்லாவிட்டால், அந்தப் பாட்டி யாரோ ஒருவருடைய மோட்டாரில் பின்னால் உட்கார்ந்துதான் மருத்துவமனைக்குப் போவார். அது பாதுகாப்பா?


பழைய டிப்போ:

நியாயமான கேள்வி, தம்பி. கார் கிடைக்காததும் ஓர் ஆபத்துதான். டயாலிசிஸ் ஒரு முறை தவறினால் என்ன ஆகும் என்பதைத் தாதியம்மாவிடம் கேட்டால் சொல்வார். அதனால்தான் கேமரா, மென்பொருள் என்று எதையும் நான் எழுதவில்லை. ஓட்டுநரிடம் கேட்பது மூன்று கேள்வி, இரண்டு செய்தி. மற்ற வேலையெல்லாம் அனுப்புபவருடையது. ஆனால் உதவி என்ற பெயருக்காகச் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளாது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில், சுயதொழில் செய்பவரும் தம் வேலையால் பிறருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்ற கடமை ஏற்கெனவே இருக்கிறது. 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த திருத்தம் அபாய மதிப்பீட்டையும் கட்டாயமாக்கியிருக்கிறது. காசு வாங்கி ஓட்டப்போகிறவர்கள் இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். அபாய மதிப்பீடு என்றதும் பயப்படவேண்டாம். எந்த வளைவில், எந்த நேரத்தில், யாருக்கு, என்ன ஆகலாம், அதற்கு நாம் என்ன செய்திருக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதுவதுதான் அது.


கிள்ளானில் இருக்கும் மகள்:

என் அப்பா இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார். அவருக்கு நான்தான் இங்கிருந்து கார் ஏற்பாடு செய்கிறேன். பயணியின் குடும்பத்தார் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லவேண்டும்: புகார் சொன்னால் கேட்பதற்கு ஆள் வேண்டும். எல்லாரும் தெரிந்தவர்கள், பாதிப் பேர் உறவுக்காரர்கள் என்ற ஊரில் ஓட்டுநரைப்பற்றிக் குறை சொல்வது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியும். ‘அவர் வேகமாக ஓட்டுகிறார், ஆனால் சொல்லாதே, மனம் நோகும்’ என்றுதான் அப்பா சொல்வார். பெண்களுக்கு நேரும் தொந்தரவென்றால் அதுவும் வெளியே வராது.

சீனாவில் 2018 ஆகஸ்டில், திடி என்ற கார் அழைப்பு நிறுவனத்தின் பகிர்வுக் கார் சேவையில் பயணம் செய்த ஓர் இளம்பெண் வென்சோ நகரில் கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய நாளே இன்னொரு பெண் அதே ஓட்டுநரைப்பற்றிப் புகார் கொடுத்திருந்தார். நிறுவனம் அதை உரிய நேரத்தில் விசாரிக்கவில்லை. அதே ஆண்டு மே மாதத்தில் செங்சோவிலும் ஒரு பெண் பயணி கொல்லப்பட்டிருந்த நிலையில், அப்போது ஒரு வாரம் மட்டும் நிறுத்திய அந்தச் சேவையை, இரண்டாவது மரணத்துக்குப் பிறகுதான் காலவரையறை இல்லாமல் நிறுத்தினார்கள். நம் ஊர்க் குழுவை அதோடு ஒப்பிடவில்லை. ஆனால் புகார் வந்த அன்றே, உண்மை தெரியும்வரை, அந்த ஓட்டுநருக்குப் பயணம் கொடுப்பதை நிறுத்திவைப்பது என்ற ஒரு விதியை இப்போதே எழுதிவிடுங்கள். யாருடைய மாமன், மச்சான் என்று தெரிந்த பிறகு எழுதுவது கடினம். புகாரைக் கேட்பவர் குழுவில் கார் ஓட்டாத ஒருவராக, முடிந்தால் ஒரு பெண்ணாக இருக்கட்டும்.


லிந்தாங் சாலைக்காரன்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு நிர்வாகக் குழுவில் இதை வாசித்துக் காட்டினேன். பணம் வாங்குவதை இப்போதைக்கு நிறுத்திவிட்டோம். நான்கு பேர் பிஎஸ்விக்கு விண்ணப்பிக்கச் சம்மதித்திருக்கிறார்கள். அக்காவுக்கு முதலில் தயக்கம் இருந்தது. ‘நான் இல்லை என்று சொன்னால் என்னைத்தான் திட்டுவார்கள்’ என்றார். மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்று தீர்மானமாக எழுதித் தலைவர் கையெழுத்திட்ட பிறகு ஒப்புக்கொண்டார்.

இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. குழுவில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருக்கிறார். பழைய தோட்டத்து லாரி ஓட்டுநர், எல்லாருக்கும் மரியாதைக்குரியவர், பாதையும் அவருக்கு அத்துப்படி. ஆனால் எதிரே வரும் விளக்கு இரவில் கண்ணைக் கூசுகிறது என்று அவரே சொல்கிறார். அவரை எப்படி நிறுத்துவது? மற்றொன்று, இரவு டயாலிசிஸ் முடிந்து திரும்பும் பயணங்கள்தான் எங்களுக்கு அதிகச் சிரமம். அவற்றுக்கு வேறு வழி உண்டா?


பழைய டிப்போ:

பெரியவரை நிறுத்தவேண்டிய அவசியமில்லை; அவருக்குப் பகல் பயணங்களை மட்டும் ஒதுக்குங்கள். எதிர் விளக்கு கூசுவது கண்புரையின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால், கண் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றும் இடங்களைக் குறிப்பதற்கும், புதிய ஓட்டுநர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பாதைக்குப் பழக்குவதற்கும் அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். அந்தப் பொறுப்பைக் கொடுத்தால் விலக்கிவிட்டார்கள் என்ற எண்ணமும் அவருக்கு வராது.

அந்தக் காவாய் வளைவைப் பற்றித் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கிராணியிடம் (தோட்ட எழுத்தரிடம்) வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். படத்தோடு எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிய செலவு அல்ல. ஒளிபிரதிபலிக்கும் நான்கு கம்பமும் இரண்டு லோடு கல்லும். மழையில் அவர்களுடைய பழ லாரியும் அதே வளைவில்தான் திரும்புகிறது.


தாதி அக்கா:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இரவுப் பயணத்தை எப்படிப் பாதுகாப்பாகச் செய்வது என்று யோசிப்பதற்கு முன், அந்தப் பயணமே இரவில் நடக்கத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். மையங்களில் நோயாளிகளைப் பிரிவு பிரிவாக வைத்திருக்கிறோம்; இடம் காலியாகும்போது பிரிவை மாற்றிக்கொடுப்பது உண்டு. பட்டணத்திலேயே வீடு உள்ள, பகலில் வேலைக்குப் போகும் நோயாளிகள் சிலர் இரவுப் பிரிவையே விரும்புவார்கள். தோட்டத்து முதியவர் பகல் பிரிவில் இடம் கிடைக்காமல் இரவில் இருப்பார். யாரும் கேட்காததால் அது அப்படியே நடந்துகொண்டிருக்கும்.

உங்கள் குழுவில் இரவில் திரும்பும் நோயாளிகள் யார் யார் என்று பாருங்கள். அவரவர் செல்லும் மையத்தின் பொறுப்புத் தாதியிடம், வீடு எங்கே இருக்கிறது, பாதை எப்படிப்பட்டது, அலைவரிசை இல்லை, மழைக்காலத்தில் என்ன நடந்தது என்பதை எழுதிய ஒரு கடிதத்தை நோயாளியின் கையெழுத்தோடு கொடுங்கள். காத்திருப்போர் வரிசையில் பெயர் ஏறிவிட்டால், இடம் வரும்போது அழைப்பார்கள். ஒரே தோட்டத்தில் இருவர் இருந்தால், இருவரையும் ஒரே நாளில் ஒரே பிரிவில் போடும்படி சேர்த்தே கேளுங்கள். ஒரு கார் போதும், வீட்டுக்கு வரும்வரை ஒருவருக்கு ஒருவர் துணையும் ஆகும்.